கேள்வி உங்க பாடு, பதில் என் பாடு

ஐம்பத்திரண்டு வயதில் காமுவுக்கு பிரெஞ்சுப் பாஷை மேல் ஆசை ஒன்றும் வந்துவிடவில்லை. பிரான்ஸில் மார்சேய் என்ற ஊரில் சில்வி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். காமுவின் மகன் பிரேம்குமாருடைய கடைசி நாட்களைக் கூட இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை வராது. காமு அதைப் படிக்கப் போன காரணம் அவ்வளவுதான்.

பிரேம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தான். மார்சேய் துறைமுகத்தில் கப்பல் ஏணியிலிருந்து விழுந்தான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலேயே போயிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காது" என்று கம்பெனி ஏஜென்ட் போனில் சொன்னான். பெற்றவர்கள் நம்பினார்கள். பெட்டியில் வந்த உடம்பைக் கல்கத்தாவில், கேவ்ராதலா சுடுகாட்டில் எரித்தார்கள்.

சில மாதம் கழித்து, கூட வேலை பார்த்த ஜெயந்த் லீவில் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, வழியில எல்லாம் இல்ல. மூணு நாள் இருந்தான். எங்களை உள்ள விடல. சில்வின்னு ஒரு நர்ஸ்தான் பக்கத்துலயே இருந்தாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் சுத்தமா தெரியாது."

நர்ஸின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேள்விதான். அந்த மூன்று நாள் பிள்ளை எப்படி இருந்தான்?

பிரெஞ்சு தெரிந்த ஆளை வைத்துப் பேசிவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். காமு ஒப்பவில்லை. "எம்புள்ள செத்த கதைய ஊரான் ஒருத்தன் முதல்ல கேட்டுட்டு, பொறவு எனக்குச் சொல்லணுமாக்கும்? நான் பெத்தவ. நானே கேக்குதேன்."

நேரில் சேர்ந்து படிக்கிற இடங்களில் கேட்ட பணத்துக்கு காமுவின் புருஷன் பரமசிவத்துக்கு வந்த போர்ட் டிரஸ்ட் பென்ஷன் தாங்காது. காளிகாட்டில் அவர்கள் இருந்த சந்திலேயே தபன் என்பவன் சைபர் கஃபே வைத்திருந்தான். அவன்தான் இன்டர்நெட்டில் மலிவான ஒரு கோர்ஸைத் தேடிக் கொடுத்தான்.

"மாஷிமா, பாரிஸ் ஜாபேன் நாகி?" என்று, பாரிஸுக்கா போறீங்க என்கிற மாதிரி, முதல் நாள் பெங்காலியில் சிரித்தான். போகத்தான் போகிறார்களோ என்று நினைத்திருப்பான். விஷயம் தெரிந்த பிறகு கேலியை நிறுத்திவிட்டு, ஃபேனுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரை அவர்களுக்கென்று ஒதுக்கினான்.

ஒரே ஹெட்போன். ஆளுக்கு ஒரு காது. விளக்கமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது, அதைப் பரமசிவம் படித்துச் சொல்வார். கேள்விகளை அவர் கடகடவென்று மனப்பாடம் செய்துவிட்டார். எங்கே, எப்போது, யார், ஏன், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் யாராவது பதில் பேசினால் ஒரு வார்த்தை பிடிபடாது. முப்பது வருஷம் கப்பல் டாக்கில் வேலை பார்த்தும் பெங்காலிக்காரர்களிடம் இந்தியிலேயே பேசின மனுஷர் அவர். காமுவுக்கு நேர் எதிர். கரியாஹாட் மார்க்கெட்டில் காய் வாங்கியே ஒரு வருஷத்தில் பெங்காலி பிடித்தவள். கேட்டால் புரியும், ஆனால் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சரி, கேள்வி உங்க பாடு, பதில் என் பாடு" என்றாள் காமு.

"நல்ல பங்குதான்ட்டி. பாதி உனக்கு, பாதி எனக்கு."

பாடத்தில் தக்காளி வாங்கினார்கள், ரயில் ஏறினார்கள், டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று காட்டினார்கள். டாக்டர் பாடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். துர்கா பூஜைக்கு முன்னால் தொடங்கியது, குளிர்காலமும் போய் வெயில் வந்துவிட்டது. ஒரு நாள் காமுவே சொன்னாள், "போதும், பேசிருவோம்."

மத்தியானம் சாப்பிடாமலே வீட்டு போனிலிருந்து சில்விக்குப் போட்டார்கள். ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு பரமசிவம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், அந்த அம்மா பார்க்கப்போகிறாற்போல. குரல் நடுங்காமல், தான் பிரேம்குமாரின் அப்பா என்றும் மெதுவாகப் பேசவேண்டும் என்றும் சொன்னார். பிறகு கேட்டார். என் மகன் எப்படி இருந்தான்?

 அப்புறம் சில்வி பேச ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் பேசினாள். கோர்ஸில் வருகிற பொம்பளையைவிடத் தெளிவாக இருந்தது.

"தொண்டையில குழாய் போட்டிருந்தாவளாம்" என்றாள் காமு. "பேச முடியலயாம். ஆனா முழிச்சுத்தான் இருந்தானாம். ரொம்ப வலியாம். இவ கையப் பிடிச்சுக்கிட்டே கிடந்தானாம்."

பரமசிவம் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். "கேளு, கேளு."

"ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பர்ல நம்ம வீட்டு நம்பரை எழுதிக் காட்டினானாம்..."

அதற்கு மேல் காமு சொல்லவில்லை. சில்வி சொல்லிக்கொண்டே போனாள். நான் அந்த நம்பருக்குப் போட்டேன். ரிசீவரை அவன் காதில் வைத்தேன். ஒரு ஆம்பளை எடுத்தார். நான் குனிந்து பேசினேன், அவன் பேரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. வைத்துவிட்டார். உங்கள் மகன் அழுதான். சாயங்காலம் மறுபடி போடலாம் என்றிருந்தேன். அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

காமுவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருந்தது. அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இவர் எடுத்தார், ஹலோ ஹலோ என்று கத்தினார், டொக்கென்று வைத்தார். யாருங்க என்று கேட்டதற்கு ராங் நம்பர் என்றார். மறுநாளுக்கு மறுநாள் கம்பெனி போன் வந்தது.

"பொறவு? என்னட்டி சொல்லுதா? ஏன் நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல. நல்லாப் பாத்துக்கிட்டாளாம்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சில்வி ஒரு கேள்வி கேட்டாள். பதில் எதுவுமே பிடிபடாத மனுஷருக்குக் கேள்வி மட்டும் புரிந்துவிடும் என்பதை இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை.

அந்த டெலிபோனை ஏன் வைத்தீர்கள், ஐயா?

பரமசிவத்தின் உதடு அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. ஏன். டெலிபோன். நீங்கள்.

"எந்த போனை?" என்றார் காமுவிடம். "எந்த போனைட்டி நான் வச்சேன்?"

 காமுவின் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். போன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ பேசினது எனக்கு என்னன்னே தெரியல காமு. எவளோ உளறுதான்னு நெனச்சேன்."

"தெரியும்ங்க."

"அவன் காதுல வச்சிருந்தாளா?"

"ஆமா."

"எங்குரல் கேட்டுச்சா அவனுக்கு?"

"கேட்டுச்சாம்."

 பிறகு காமு எதற்குப் பயந்தாளோ அதையே கேட்டார்.

"நான் என்ன சொன்னேன் காமு? வைக்கும்போது என்ன சொன்னேன்?"

அடுப்பங்கரை வரை கேட்ட வார்த்தை அது. எந்த எழவெடுத்த நாயோ நேரங்காலம் தெரியாம, வைல போனை.

"ஹலோன்னு சொன்னீங்க" என்றாள்.

"பொறவு?"

"ஹலோன்னுதான் சொன்னீங்க. ரெண்டு மூணு தடவ."

அவர் நம்பினாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரில் சில்வி "அலோ, அலோ, மிஸ்யே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை இரண்டு பேருமே படித்திருக்கவில்லை.