நாகலக்ஷ்மியைப் பிரித்துப் பூட்டிய கதை

செம்பூரில் எங்கள் காலனியின் மூன்றாம் கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில் கிடந்த பிரெஞ்சு சைக்கிளின் செயின் 2004 ஜூலையில் துருவேறி இறுகிய அதே செவ்வாய்க்கிழமை, இரண்டாம் மாடியில் நாகலக்ஷ்மியின் முழங்கால்கள் இரண்டும் மடங்காமல் நின்றுபோயின. அன்றைக்கு யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மழைக்காலம், முழங்கால் என்றிருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். 2009-ல் முன்பிரேக் கம்பி அறுந்தது, அவள் வலது கையால் கரண்டி பிடிக்க முடியாமல் போயிற்று. 2012-ல் எவனோ மணியின் மூடியைத் திருடிக்கொண்டு போனான், அவள் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது. திருடியவன் இன்றைக்கும் காலனியில்தான் இருக்கிறான் என்பது எங்கள் எல்லோருடைய அபிப்பிராயம். தலையணையில் காலையில் செம்பொடி உதிர்ந்து கிடக்க ஆரம்பித்தபோது தோல் டாக்டர் ஒருவர், எலும்பு டாக்டர் இருவர், ஆயுர்வேதம் ஒருவர் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு களிம்பு எழுதினார்கள். பொடி உதிர்வது நிற்கவில்லை.

சைக்கிள் வந்த விதத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. நாகலக்ஷ்மியின் கணவர் அனந்தகிருஷ்ணன் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே அதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது, விமானத்தில் ஏற்ற முடியாததை எல்லாம் ஆபீஸில் பங்கிட்டுக் கொடுத்தார். மற்றவர்களுக்கு மின்விசிறியும் நாற்காலியும் கிடைத்தன, இவருக்கு வெளிர்பச்சைச் சைக்கிள். புடவை கட்டியவர்களும் ஏறும்படி குறுக்குக் குழாய் தாழ்ந்து இறங்கியிருந்ததால் அதை நாகலக்ஷ்மிதான் ஓட்டினாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம், ஐந்தே நாளில் கற்றுக்கொண்டு, செம்பூரிலிருந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழைப்பூவும் சேனையும் வாங்கி வந்தாள். ஒன்பது வருஷம் ஓட்டினாள். ஸ்ருதி பிறந்த பிறகு 1995-ல் அனந்தகிருஷ்ணன், "போதும், நாலு பேர் பார்க்கறா" என்று ஒரே வாக்கியத்தில் அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை. நாலு பேருக்குப் பயந்த நல்லவர், அதைவிட மோசம் வேறொன்றும் கிடையாது.

விஷயம் வெளியே வந்தது 2014 ஆயுத பூஜையன்று. காலனியில் எல்லா ஸ்கூட்டரும் காரும் குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு எலுமிச்சம்பழத்துக்குக் காத்திருந்தபோது, வாட்ச்மேன் மீந்த எண்ணெயைக் கேட்பாரற்ற அந்தச் சைக்கிளின் செயினில் ஊற்றினான். கால்மணி நேரத்தில் நாகலக்ஷ்மி, பத்து வருஷமாகப் படி இறங்காதவள், கைப்பிடிச் சுவரைக்கூடத் தொடாமல் கீழே வந்து நின்று, "யாரு எனக்கு எண்ணெய் போட்டது?" என்று அந்தக் கிசுகிசுப்புக் குரலில் கேட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அனந்தகிருஷ்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு படிக்கடியில் உட்கார்ந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முதலில் ஒரு தடவை போட்டால் மூன்று நாள் நடந்தாள். பிறகு ஒரு நாள். பிறகு, சமையலறைக்குப் போய்த் திரும்பும் நேரம். போன வருஷம் மழை முடிந்தபோது ஒரு கிண்ணம் எண்ணெய்க்குக் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.

தாராவியிலிருந்து கணேசபாண்டியனை அழைத்து வந்தார்கள். சைக்கிள் ரிப்பேரில் நாற்பது வருஷம் கண்டவர், கோவில்பட்டிப் பக்கத்து ஆள். விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. குழாயைச் சுண்டிப் பார்த்தார், பெடலுக்கு நடுவே கையை விட்டுத் தடவினார். "எண்ணெயெல்லாம் இனிமே கேக்காது சார். பூராவும் கழத்தி ஓவராயில் பண்ணணும். உள்ள அரிச்சிட்டு வருது, இப்படியே போட்டா அடுத்த மழை தாங்காது பாத்துக்கிடுங்க." கழற்றினால்? "திரும்பப் பூட்டிருவேன். ஆனா இதுக்கு சாமான் கெடைக்காது. எதாவது ஒடஞ்சா நம்ம லோக்கல் சாமானத்தான் மாட்டணும். வண்டி நல்லா ஓடும் சார், அதுல சந்தேகமில்ல. ஆனா அது எந்த வண்டின்னு எங்கிட்ட கேக்கக் கூடாது."

ஒன்றரை மாதம் இதை வைத்துக்கொண்டு அனந்தகிருஷ்ணன் தூங்கவில்லை. ஸ்ருதி ஞாயிறுதோறும் டோம்பிவிலியிலிருந்து ரயிலேறி வந்து, "பிரிச்சுட்டு சேர்க்க முடியலேன்னா என்னப்பா பண்றது? துருவோட இருந்தாலும் அம்மா அம்மாதானே?" என்று அழுதாள். காலனி இரண்டு கட்சியாயிற்று. முடிவில் அனந்தகிருஷ்ணன், யாரை முதலில் கேட்டிருக்க வேண்டுமோ அவளைக் கடைசியாகக் கேட்டார். நாகலக்ஷ்மி காதருகே குனியச் சொன்னாள். "நாலு பேர் பார்க்கறான்னு நிறுத்தினேள். இப்போ தினம் நாலு பேர் வந்து என்னைத் தூக்கறா. பிரிச்சுடுங்கோன்னா." அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

வண்டி டெம்போவில் தாராவிக்குப் போனது. ஹேண்டில்பாரைக் கழற்றியதும் நாகலக்ஷ்மியின் தோள்கள் தளர்ந்தன, சீட்டைக் கழற்றியதும் படுத்த நிலையில் கண்மூடினாள். நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. செயினை மண்ணெண்ணெயில் ஊறப் போட்ட மூன்று நாளும் செம்பூர் வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பயந்துபோய் ஸ்ருதி சாமிக்கு விளக்கே ஏற்றவில்லை. எட்டு நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒன்பதாம் நாள் கணேசபாண்டியன் பெடலுக்கு நடுவே அச்சைத் தாங்கும் இரும்புக் கிண்ணத்தில் கை வைத்தார். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலப்பக்கத்துக் கிண்ணத்தின் திருகு எதிர் மரை, கழற்ற வேண்டுமானால் மற்றதை இறுக்கும் திசையில் திருப்ப வேண்டும். பிரெஞ்சுக்காரன் இரண்டு பக்கமும் நேர் மரையே போட்டிருந்தான். கழற்றுவதாக எண்ணி இவர் இறுக்கிக்கொண்டிருந்தார். துருவில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, குழாய் செருகிய ஸ்பானரில் ஏறி நின்று மிதித்தார். பதினொன்று இருபதுக்கு மரை மொத்தமும் அறுந்தது. அதே நேரத்தில் செம்பூரில் நாகலக்ஷ்மி வாய் திறந்து, தூக்கத்தில் யாரையோ வழியனுப்புகிற மாதிரி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

கணேசபாண்டியன் ஒளிக்கவில்லை, அவரே போன் செய்தார். "தப்பு எம்மேலதான் சார். நாப்பது வருசத்துக் கை, அதுபாட்டுக்கு அந்தப் பக்கமே திருப்பிட்டு." அப்படியே விட்டால் பாகம் பாகமாகக் கிடக்கும், லோக்கல் கிண்ணம் வைத்தால் ஓடும். இந்த முறை கேட்க ஆளில்லை. அனந்தகிருஷ்ணன் போனைப் பிடித்தபடி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுடுப்பா" என்றார்.

லூதியானாவில் செய்த கிண்ணம், லூதியானா பெடல், புதுச் செயின், புது மணி. சொன்னால் நம்பவேண்டும், பூப்போல ஓடியது வண்டி. வெள்ளிக்கிழமை காலை நாகலக்ஷ்மி எழுந்தாள். முழங்கால் மடங்கியது, கை பிடித்தது, குரல் அடுத்த கட்டிடம் வரை கேட்டது. குளித்துவிட்டு வந்து கூடத்தில் நின்று, "தப்பா நினைச்சுக்காதீங்கோ, நான் யாராத்துல இருக்கேன்?" என்று கணவரைக் கேட்டாள். சமையல் மறக்கவில்லை. ஸ்லோகம் மறக்கவில்லை. மாட்டுங்காவுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதுகூட மறக்கவில்லை. மனிதர்கள் மட்டும் இல்லை. ஸ்ருதியின் மோவாயைத் தொட்டு, "லட்சணமா இருக்கியே, யாராத்துப் பொண்ணும்மா நீ?" என்றாள். ஸ்ருதி பையை எடுத்துக்கொண்டு டோம்பிவிலிக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வருவதில்லை.

காலனிக் கூட்டத்தில் செக்ரட்டரி இதை ஒரு நிமிஷம் பேசினார். குடியிருப்பவர் எண்ணிக்கையில் மாற்றமில்லை, ஆகவே மெயின்டனன்ஸிலும் மாற்றமில்லை என்று முடிவாயிற்று. தினமும் காலையில் அவள் சைக்கிளில் போகிறாள், வாழைப்பூ வாங்கி வருகிறாள், நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அனந்தகிருஷ்ணனை மரியாதையாக "மாமா" என்று கூப்பிடுகிறாள். வந்த மூன்றாம் நாள், "உங்காத்து மாமியைப் பார்க்கவே இல்லையே, எங்கே?" என்று விசாரித்தாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார் அவர். எப்போது வருவாள் என்றதற்கு, தெரியவில்லை என்றார். "வரட்டும், நேக்கும் பேச்சுத்துணை ஆச்சு. அதுவரைக்கும் நான் சமைச்சுப் போடறேன்" என்று உள்ளே போனாள். பகல் பன்னிரண்டரைக்கு மூன்று தட்டு வைக்கிறாள். ஒரு மணி வரை வாசலைப் பார்க்கிறாள். பிறகு மூன்றாவது தட்டை மூடி வைத்துவிட்டு அவருக்குப் பரிமாறுகிறாள். மூடி வைத்ததைச் சாயங்காலம் அவரே சாப்பிட்டுவிடுகிறார்.