ஓட்டை விழுந்த சிப்பிகள்

கயிற்றை இழுத்தபோதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கனமே இல்லை. ஆழமில்லாத கடலோரத்தில் கம்பு நட்டு, கயிறு கட்டி வளர்த்த சிப்பிகள். கணவன் போன பிறகு அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டவை. கை வலிக்க இழுக்க வேண்டிய கயிறு துணிக்கொடி மாதிரி மேலே வந்தது. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொரு ஓட்டிலும் ஊசி குத்தியது போல ஒரு துளை; உள்ளே சதை இல்லை. இடுக்குகளில் பழுப்பு நத்தைகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. கம்பு முழுக்க அரிசியரிசியாக அவற்றின் முட்டை.

உதவிக்கு வந்திருந்த தம்பி ஒரு நத்தையை எடுத்துப் பார்த்தான். அவன் துறைமுகத்தில் மூழ்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டுகிறவன். அவன் முகம் செத்துப்போனது.

"இது நம்ம கடல் நத்தை இல்லக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கப்பலடியில பாத்திருக்கேன். ஓட்டத் துளைச்சு உள்ள இருக்கறதத் தின்னுடும். எங்கெங்கேயோ இருந்து ஒட்டிக்கிட்டு வரும். நாங்க சுரண்டுவோம்."

"சுரண்டி?"

அவன் தண்ணீரைக் கைகாட்டினான்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. மிச்சக் கயிறுகளையும் இழுத்தார்கள். எல்லாம் அதே கதி. வாளி நிறைய நத்தைகளைப் பொறுக்கியும் குறைந்த மாதிரியே தெரியவில்லை.

"நான் வேலைய விட்டுர்றேன்க்கா."

"விட்டா? நாளைக்கே வேற ஆள் இறங்குவான். உன் பிள்ளைங்கதான் பட்டினி கிடக்கும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மூழ்குறவங்களுக்கு மேலேருந்து காத்துக் குழாய் பிடிக்க ஆள் வேணும்னு உங்க மேஸ்திரி கேட்டாராமே. என்னைச் சேத்துவிடு."

"உனக்கெதுக்குக்கா அந்தப் பொழப்பு?"

"வேற என்ன பொழப்ப மிச்சம் வெச்சிருக்கே?"



வேலைக்குச் சேர்ந்த அன்று, கப்பலின் நிழலில் ஆடிய படகில் உட்கார்ந்து அவள் மேஸ்திரியிடம் கேட்டாள்: "சுரண்டுறத வலை கட்டிப் பிடிச்சு, கரையில கொட்டலாமில்லைங்களா?"

அவர் செல்போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கடல்ல விளைஞ்சது கடலுக்கே போகுது. உனக்கென்னம்மா? குழாய மட்டும் பாரு. மடங்கிச்சுன்னா ஆள் போயிடுவான்."

கீழே சுரண்டும் சத்தம் கேட்டது. குமிழிகள் எழுந்தன. கூடவே பாசியும் ஓட்டுச் சில்லுகளும் பழுப்புத் துணுக்குகளுமாகத் தண்ணீர் கலங்கி, நீரோட்டத்தோடு கரைப்பக்கம் நகர்ந்தது. கைக்கெட்டும் தூரத்தில்தான் போனது. அவளுடைய இரண்டு கைகளும் குழாயில் இருந்தன. தம்பியின் மூச்சு உள்ளங்கையில் மெல்ல மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.