துரையின் தட்டு

நகரப் பேருந்தில் பதினேழு வருடமாக நடத்துனர் வேலை பார்க்கிற அந்த அம்மாளைக் கண்டால், படிக்கட்டில் தொங்குகிற வாலிபர்கள் சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்த வீட்டு சோபாவில் உட்கார இடம் கிடையாது. அங்கே துரை படுத்திருப்பான்.

துரை பதினோரு மாத நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். மகள் ஒரு மழை நாளில் சட்டைக்குள் ஒளித்து எடுத்துவந்தபோது அவனுக்கு வேறு ஏதோ பெயர் வைத்தாள். வளர வளர அவன் பண்ணிய அதிகாரத்தில் அந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்தே போயிற்று. சோபா பக்கம் போனால் உறுமுவான். அவன் சாப்பிடும்போது சமையலறைக்குள் கால் வைத்தால் பல்லைக் காட்டுவான். வீட்டில் இருந்த நான்கு பேரும் சுவரோடு ஒட்டி நடக்கப் பழகியிருந்தார்கள்.

துரை குட்டியாக வந்த நாளிலேயே, அவனை அடக்கி வளர்க்க வழி தன்னிடம் இருப்பதாகச் சொன்னவன் கூடவே இருந்த கொழுந்தன். செல்போன் கடையில் வேலை. நான்கு வீடியோ பார்த்துவிட்டு எந்த விஷயத்துக்கும் வகுப்பெடுப்பான் என்பதால் வீட்டில் அவனைப் புரொபசர் என்றே கூப்பிடுவார்கள்.

"நாமதான் தலைவர்னு அதுக்குப் புரியணும் அண்ணி. சாப்பிடும்போது தட்டுக்குள்ள கைய விட்டுக் கலைக்கணும். தட்டை எடுத்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுக் குடுக்கணும். எல்லாரும் செஞ்சாத்தான் அடங்கும்."

அன்றிலிருந்தே எல்லோரும் அதைச் செய்துவந்தார்கள். பலன், ஒரு சாயங்காலம் புரொபசர் தட்டைத் தூக்கியபோது துரை அவன் கையைக் கவ்விவிட்டான். இரண்டு பல் நன்றாகவே பதிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக் கட்டுக் கட்டிவந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனுஷன். அன்றைக்கு மட்டும் முகம் இறுகிவிட்டது. "போதும். வீட்ல பொண்ணு இருக்கா. காவலுக்கு நாய் வேணும்னு குடோன்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். குடுத்துடலாம்" என்றார்.

அந்தக் குடோனில் முன்பு இருந்த நாயை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முழச் சங்கிலி, கழுத்தில் முடி தேய்ந்து வெறும் தோல். போன மாதம் அது செத்துப்போனதால்தான் இப்போது புது நாய் தேவைப்படுகிறது. மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. எழுந்துபோய்த் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

"மூணு வாரம் குடுங்க" என்றாள் தாய், தன் கணவனிடம். "அதுக்கப்புறமும் உறுமினான்னா நானே சங்கிலியப் புடிச்சுக் குடுத்துடறேன்."

"உன்னால முடியுமா?"

"தெரியலங்க. பாக்கறேன்."

மறுநாள் லீவு போட்டாள். சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பேருந்தில் சண்டை வந்தால் அவள் கத்துகிறவனைப் பார்க்கமாட்டாள். யார் காலை யார் மிதித்தார்கள் என்றுதான் பார்ப்பாள். துரைக்குத் தட்டு வைத்தாயிற்று. வேலைக்குக் கிளம்பிய கணவர், கடமை தவறாமல் குனிந்து தட்டுக்குள் கையை விட்டுவிட்டுப் போனார். மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து தட்டைத் தூக்கி, பத்து எண்ணி, திரும்ப வைத்தாள். கட்டுப் போட்ட கையோடு புரொபசர் வந்து தூரத்திலிருந்தே கரண்டியால் கலைத்தான். மத்தியானம் அவளே பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டாள். துரை உறுமினான். நீட்டிய கை அப்படியே நின்றது. சனியனே, நீயும் சேர்ந்துதானே இதைப் பண்ணினாய் என்று தன்னையே வைதுகொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் புரொபசர் உட்கார்ந்தான். முதல் கவளம் வாய்க்குப் போகும் நேரம் அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"நான்தான் தலைவர்னு உங்களுக்குப் புரியணும் தம்பி." திரும்ப வைத்தாள். அவன் பிசைந்தான். மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது தடவை அவள் கை மேஜைப் பக்கம் வந்ததுமே புரொபசர் இரண்டு முழங்கையாலும் தட்டை அணைத்துக்கொண்டான்.

"உறுமுறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புரொபசர் சிரிக்கவில்லை. தட்டையும் தன் கையிலிருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுநாளிலிருந்து புதுச் சட்டம். இந்த வீட்டில் எந்தக் கையும் துரையிடமிருந்து எதையும் எடுக்கக்கூடாது. கொடுக்க மட்டும்தான் செய்யணும். அவன் சாப்பிடும்போது தூரத்திலிருந்து ஒரு கறித்துண்டைத் தட்டருகே போட்டுவிட்டு, நிற்காமல் போய்விடணும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓரடி கிட்டே போகலாம்.

சோபாவுக்குத் தன் தொழில் வித்தையைக் கையாண்டாள். பேருந்தில் இடம் மாறி உட்கார்ந்தவனை எழுந்திரு என்றால் எழமாட்டான், வீம்பு வந்துவிடும். முன்னால் ஜன்னலோரம் காலி, காற்று வரும் என்றால் தானாகப் போவான். ஜன்னலடியில் ஒரு மெத்தையைப் போட்டு, அதில் துண்டு கறி வைத்து, "துரை, இங்க சீட் இருக்கு பாரு" என்றாள். முதல் நாள் ஒரு கண்ணால் பார்த்தான். நான்காம் நாள் இறங்கிவந்தான்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டாம் வாரம் கணவர் அவசரத்தில் தட்டருகே தடுக்கி விழப்போக, துரை பழையபடி பல்லைக் காட்டினான். "ரெண்டடி பின்னால போய் மறுபடி ஆரம்பிங்க" என்றாள், அவ்வளவுதான். அதிகம் பாடுபட்டவன் புரொபசர்தான். அவன் கையைக் கண்டாலே துரை சாப்பாட்டை விட்டுவிட்டு முறைப்பான். வேலைக்குப் போகுமுன் தினமும் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து, கையைத் தாழ்த்தி நீட்டியபடி காத்திருந்தான். கால் மரத்துப்போகும். வகுப்பெடுப்பதை அடியோடு விட்டுவிட்டான்.

மூன்றாம் வாரக் கடைசியில் குடோன்காரர் சங்கிலியும் கையுமாக வந்துவிட்டார். கணவர் சொல்லிவைத்திருந்தபடி சாயங்காலம் வரவேண்டியவர் காலையிலேயே வந்து நின்றார். நடத்துனரம்மாள் கதவைத் திறந்தாள். சமையலறையில் துரை தட்டில் முகம் புதைத்திருந்தான், கறிச்சோறு. கணவர் வந்தவருக்குத் தண்ணீர் எடுக்கப்போனார், கண் துரை மேலேயே இருந்தது. கண்ணாடித் தம்ளர் நழுவி, துரையின் தட்டு விளிம்பில் பட்டுச் சிதறியது. பாதிச் சில்லு சோற்றுக்குள் விழுந்தது.

துரை துள்ளிப் பின்வாங்கினான். பிறகு மறுபடி தட்டைப் பார்த்துக் குனிந்தான்.

வாசலிலிருந்து அவள் ஓடினால், பறிக்க வருகிறார்கள் என்று துரை அவசரமாக விழுங்குவான். கணவரைச் சுற்றிலும் சில்லு, அசைய முடியவில்லை. மகள் கூடத்தில் இருந்தாள். பக்கத்தில், சமையலறை வாசலில் நின்றது புரொபசர் ஒருவன்தான். கறித்துண்டுக் கிண்ணம் எட்டாத மேடையில் இருந்தது. அவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். தழும்பு இருந்த அதே கையைத் தாழ்த்தி, உள்ளங்கை தெரிய நீட்டினான்.

"துரை. இங்க வாடா."

துரை தட்டைப் பார்த்தான், கையைப் பார்த்தான். சோற்றை விட்டுவிட்டு வந்தான். கையை முகர்ந்தான், அதில் ஒன்றுமில்லை. திரும்பிப் போகவில்லை. அந்தத் தழும்பை ஒருமுறை நக்கிவிட்டு அவன் தொடைமேல் மோவாயை வைத்துக்கொண்டான். அதற்குள் அவள் போய்த் தட்டை எடுத்துவிட்டாள். தட்டு நகர்ந்ததைத் துரை பார்த்தான், வால்தான் ஆடியது.

பேருந்து நிறைய ஜனத்தை அடக்கியபோதுகூட அவளுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை. கூரைமேல் ஏறிக் கூவலாம்போல் இருந்தது. மகள் சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். நாய்க்கு மேலே சித்தப்பா, சித்தப்பாவுக்கு மேலே மகள் என்று ஒரே குவியல்.

வாசலில் குடோன்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "கறிச்சோத்த விட்டுட்டு வெறுங்கைக்கு வருதே. கடிக்கிற நாய்னு சொன்னீங்க? சரி, எனக்குப் புடிச்சிருக்கு. கூட்டிட்டுப் போறேன்" என்று சங்கிலியைப் பிரித்தார்.

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் மனைவி தள்ளிவிட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு, சில்லுகளைத் தாண்டி வாசலுக்கு வந்தார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. காவலுக்கு நாய் குடுக்கறேன்னுதான் சொன்னேன்" என்றார். "இவன் எங்க பையன்."