இருநூற்றைம்பது பேர்

வெண்ணாத்துமட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒன்பது வருஷமாக இந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருக்கிறேன். ராத்திரி எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் பேனாவைத் திறந்து எழுத உட்கார்ந்தால் ஊரில் கால்வாசியைக் காணோம்.

ஒன்றும் பெரிய ஊர் இல்லை. சேரம்பாடிப் பக்கம், ஆற்றை ஒட்டி தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள், ஏழு லைன், லைனுக்கு எட்டு வீடு. ஒரு டீக்கடை, ஒரு மாரியம்மன் கோவில், என் பள்ளி. பஸ், ஆஸ்பத்திரி, ஆறாம் வகுப்பு எல்லாம் அக்கரையில். நடுவில் இருந்த தொங்குபாலத்தை ஏழு வருஷத்துக்கு முன் ஆடி மழை அடித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அக்கரைக்குப் போக எஸ்டேட் கேட் வழியாகப் பதினொரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். போன வருஷம் என்னிடம் ஐந்தாவது முடித்த ஆறு பேரில் நாலு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் ஐந்தாவது முடிப்பவள் என் மகள் கெஸியா.

அதனால்தான் அரசாங்கத்திலிருந்து பாலத்துக்கான படிவம் வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். மலைப்பகுதியில் இருநூற்றைம்பது பேர் குடியிருந்தால் கான்கிரீட் பாலம் கிடைக்கும். விண்ணப்பத்தோடு 'ஊரின் வரலாறும் மக்கள்தொகையும்' இணைக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான்தான் என்று ஊர் என் தலையில் கட்டியது. வரலாற்றை ஒரே மூச்சில் எழுதினேன். வெள்ளைக்காரன் ஆற்றங்கரையில் காப்பி போட்டது, அது பூச்சி விழுந்து போனதும் தேயிலை போட்டது, எழுபதுகளில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு இங்கே வந்து இறங்கியது, எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

மக்கள்தொகையில்தான் வந்தது வினை. பஞ்சாயத்தில் இருந்த பழைய கணக்கு நூற்றெண்பத்து நாலு.

எப்படிக் குறையாமல் இருக்கும்? லைன் வீடு வேலை செய்கிறவருக்கு மட்டும்தான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கல்யாணமான பிள்ளை பெற்றோர் வீட்டில் தங்கக் கூடாது. வெளியாளுக்கு விடவே கூடாது. ஆனால் போக்கிடம் எங்கே இருக்கிறது? எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். நோட்டும் பேனாவுமாக எவன் வந்தாலும், மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க வந்தால்கூட, முதல் வீட்டு ஆண்டாயி கொடியில் சிவப்புக் கம்பளியைப் போடுவார். அது விழுந்ததும் ஏழு லைனிலும் பின்வாசல் திறக்கும். மாமியார், மாமனார், கட்டிக்கொண்டு வந்த மருமகன், எல்லோரும் தேயிலைச் செடிக்குள் இறங்கிவிடுவார்கள். வந்தவன் எழுதிக்கொண்டு போனதும் கம்பளி உள்ளே போகும், ஊர் திரும்பி வரும்.

நான் முதல் நாள் கணக்கெடுக்கப் போனபோது எனக்கே கம்பளி போட்டார்கள். ஒன்பது வருஷம் இவர்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவன் நான். எனக்கே!

ஆண்டாயியிடம் போய்க் கத்தினேன். அவருக்கு அறுபத்தாறு வயது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் பாண்டியனும் மருமகள் சுகுணாவும் இருக்கும் வீட்டில் கணக்கில் இல்லாமல் இருக்கிறார்.

"ஆண்டாயம்மா, இது என்னங்க அநியாயம்? பாலம் வேணும்னு கேக்கறது நீங்க. ஆள எண்ண வந்தா ஓடறதும் நீங்களா?"

அவர் நிதானமாக வெற்றிலையைக் கிள்ளினார். "பேர் குடுத்தா என்னா ஆகும்னு எங்களுக்குத் தெரியும் மாஸ்டர். சிலோன்ல தோட்டத்துல மேசை போட்டு உக்காந்து பேர் கேட்டாங்க. எங்கப்பா ஒண்ணுவிடாம வரிசையா சொன்னாரு. பெறகு எங்கள கப்பல்ல ஏத்திட்டாங்க. கட்டிக்குடுத்த அக்கா பேரு அந்தத் தாள்ல இல்ல. அவ அங்கயே நின்னுட்டா. செத்த சேதிதான் வந்துச்சு."

"அது அம்பது வருசத்துக்கு முந்திங்க."

"தாளு அதே தாளுதானே மாஸ்டர்."

நான் எழுதிய வரலாற்றில் 'கப்பலேறி வந்த குடும்பங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கெஞ்சினேன், திட்டினேன், டீக்கடையில் நின்று சண்டை போட்டேன். இது பாலத்துக்கு மட்டும்தான், எஸ்டேட் ஆள் ஒருவன்கூட இந்தத் தாளைப் பார்க்க மாட்டான் என்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னேன். கடைசியில் அவர்களைத் திருப்பியது நான் வேறொன்று சொன்னதுதான். "என் பேரையும் எழுதறேனுங்க. என் சம்சாரம், என் புள்ள, மூணு பேரும். மாட்டினா நானும் சேந்து மாட்டிக்கிறேன்" என்றேன்.

ஏனென்றால் நானும் கணக்கில் இல்லாதவன்தான். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் என் விலாசம் தேவர்சோலையில் மாமனார் வீடு. பாலம் போன பிறகு தினமும் வந்து போக முடியாமல், ஃபேக்டரியில் வேலை செய்யும் நல்லசாமியின் லைன் வீட்டில் குடியேறினேன். அவர் ஃபேக்டரியிலேயே படுத்துக்கொள்கிறார். தெரிந்தால் அவருக்கு வீடு போகும், எனக்கு மெமோ வரும். நல்லசாமியிடம் கேட்டபோது, "எழுதிக்குங்க சார், பாலம் வரட்டும், மத்தது பாத்துக்கலாம்" என்றார்.

ஆண்டாயி முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். பிறகு மளமளவென்று ஏறியது. கடைசியாக எங்கள் மூவரையும் எழுதிக் கூட்டினேன். இருநூற்று ஐம்பத்தொன்று. அன்றைக்கு என் மனைவி ரோஸ்மேரி பாயசம் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை சரிபார்க்கும் அதிகாரி வந்தார். பிலோமி என்று பெயர், நல்ல மாதிரியான அம்மா. ஜீப்பிலிருந்து அவர் இறங்கியதும் பின்னாலேயே இன்னொரு ஆள் இறங்கினார். எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் சசிதரன். இந்த ஊருக்குள் வர ஒரே வழி எஸ்டேட் கேட். வெளி வண்டி வந்தால் துணைக்கு ஆள் வரும். ஏழு வருஷமாக அந்தக் கேட் வழியாகவே அக்கரைக்குப் போய்வருகிறவனுக்கு இது தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊரே லைன் முன்னால் நின்றிருந்தது. எல்லோரும் சசிதரனைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஆண்டாயி கொடிப்பக்கம் போனார். கையில் கம்பளி இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் கொடியடியில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கம்பளியை நாலாக மடித்து வாசற்படியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

பிலோமி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். "ஒண்ணாம் நம்பர் வீடு. பாண்டியன், சுகுணா, ஆண்டாயி."

"இருக்கேன்" என்றார் ஆண்டாயி. சசிதரனின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

சசிதரன் போனை எடுத்து ஏதோ தட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவர்கூடப் பின்வாசல் பக்கம் போகவில்லை. ஓய்வு பெற்றவர்கள் சொன்னார்கள், வீட்டோடு இருக்கும் மருமகன்கள் சொன்னார்கள், எழுபத்தெட்டு வயது பாலாமணியைப் பேரன் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். ஒவ்வொரு 'இருக்கேன்' கேட்கும்போதும் நான் விரல் விட்டு எண்ணினேன். இந்த ஊரைப் போய் எவ்வளவு திட்டினேன்! இருநூற்று நாற்பத்தெட்டு பேர் முடிந்தது.

"கடைசி. நல்லசாமி வீட்ல ஜாபேஸ், ரோஸ்மேரி, கெஸியா" என்று வாசித்த பிலோமி நிமிர்ந்தார். "ஏனுங்க சார், இது நீங்கதானுங்களே? எஸ்டேட் லைன்ல நீங்க எப்படி?"

சசிதரன் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "மாஷே, நீங்களும் இங்கதன்னெயா தாமசம்?" நானும் இங்கேயேதான் குடியிருக்கிறேனா என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார்.

மறுபடி சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பாண்டியன் குடும்பத்துக்கு வீடு போகலாம். பாலாமணிக்குப் போக்கிடமே இல்லை. எனக்கு என்ன போகும்? ஒரு மெமோ. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது என் வாய் முந்திக்கொண்டது.

"இல்லைங்க. நான் தேவர்சோலையிலிருந்து வந்து போறேனுங்க. பேரு தவறுதலா ஏறிருச்சு."

பிலோமி பட்டியலைப் பார்த்துக் கூட்டினார். "அப்ப மூணு பேரு கொறையுது சார். இருநூத்து நாப்பத்தெட்டு. அம்பது இல்லாம நான் அனுப்ப முடியாதுங்க" என்று சொல்லி, மூன்று பெயர்களின் மேலும் சிவப்பு மையால் கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

"மேடம்" என்றேன். அவர் திரும்பினார். சசிதரனும் திரும்பினார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

அப்போதுதான் என் வீட்டுப் பக்கம் பார்த்தேன். ரோஸ்மேரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கெஸியா யூனிஃபார்மில் நின்றுகொண்டு, "அப்பா, நாம இங்கதானே..." என்று ஆரம்பித்தாள். ரோஸ்மேரி அவள் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் லைனுக்குப் பின்னால், தேயிலைச் செடிக்குள் குனிந்தபடி இரண்டு தலைகள் இறங்கிப் போவது தெரிந்தது.

ஜீப் போன பிறகும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாண்டியன் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆண்டாயி மட்டும் படியிலிருந்து எழுந்து, கம்பளியை உதறி, மறுபடி மடித்து என்னிடம் வந்தார். என் கையில் வைத்தார்.

"இனி இத உங்க வாசல்ல போடுங்க மாஸ்டர்" என்றார்.