இறங்காத நூற்று நாற்பது பறவைகள்

செவ்வாய்க்கிழமை காலை முதல் நூற்று நாற்பது பறவைகள் கோதுமைக்காரரின் வயலுக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், இறக்கையை அசைக்காமல் நின்றன. கீழே இறங்கவில்லை, கலைந்து போகவும் இல்லை. காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு ஏக்கரை விதைக்காமல், மருந்தடிக்காமல் பறவைகளுக்கு விட்டால்தான் கால்வாய்த் தண்ணீர் என்று அரசு திட்டம் போட்டது. அவர் கையெழுத்தையும் போட்டு, வரப்பு வரைக்கும் கோதுமையையும் போட்டுவிட்டார். திட்டத்தால் பறவை பெருகுகிறதா என்று ஆராய வந்தவளோ அவருடைய கொழுந்தியாள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் மண்ணில் கால் வைத்த பறவைதான் கணக்கு. ஒன்றும் இல்லையென்றால் மதகை அடைத்துவிடுவார்கள், கதிர் பிடிக்கும் முன்பே பயிர் கருகிவிடும்.

"கண்ணு முன்னாடி நிக்குதே, அதை எழுதிக்கோயேன்."

"இறங்கச் சொல்லுங்க மாமா, எழுதறேன்."

"அக்கா வீட்டு உப்பைத் தின்னுட்டு இப்படிப் பேசறியே!"

"உப்பு கம்மியாத்தான் இருந்துச்சு."

வியாழன் மதியம் அவர் பறவைகளிடமே பேரத்தைத் தொடங்கினார். அரை ஏக்கர் என்றார், ஒன்றும் அசையவில்லை. வாய்ச்சொல் செல்லாது என்று புரிந்து, டிராக்டரை இறக்கி அரை ஏக்கர் பயிரை மடக்கி உழுதார். பறவைகள் ஒரு முழம் இறங்கின. ஒன்று, ஒன்றரை என்று உழ உழ அவையும் தணிந்து, இரண்டு ஏக்கர் முடிந்தபோது முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. மணி நாலரை. சந்தையில் எத்தனையோ பேரை மடக்கிய வித்தையை அப்போது எடுத்தார்: "வேணாம்னா போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பத்தடி போவதற்குள் மனைவி அலறினாள்: "அட மனுஷா, மேல போகுது!" திரும்பினால், எல்லாம் தலைக்கு மேலே.

"ரெண்டுதானே பேச்சு!" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அது நீங்க அப்பவே குடுத்திருக்க வேண்டியது மாமா," என்றாள் கொழுந்தியாள், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் அரை ஏக்கரை உழுது முடித்தபோது ஐந்துக்கு ஒரு நிமிடம் இருந்தது. நூற்று நாற்பதும் ஒரே நேரத்தில் மண்ணில் கால் வைத்தன. அவள் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு முதல் விதைப்புக்கு முன்பே பறவைகளிடம் பேசி முடிப்பது அங்கே வழக்கமாயிற்று. ஆராய்ச்சிப் படிவத்திலும் 'நிற்கும் உயரம்' என்று ஒரு கட்டம் சேர்ந்தது. கோதுமைக்காரர் மட்டும் கடைசிவரை ஆறவில்லை. "கால் ஏக்கருக்கே படிஞ்சிருக்கும், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்பார்.