பத்து வார்த்தை இங்கிலீஷ்

1938இல் லண்டனில் இரண்டு சீமெண்ணெய்க் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்தன. புதுக்கோட்டையில் என் நாற்காலி ஆடியது. ஒன்று நான் டிப்போ மேனேஜராக இருந்த ஹால்வெல் கம்பெனி. மற்றது எதிர்வாடையில் டிப்போ வைத்திருந்த கார்ஸ்டன் கம்பெனி. கீழ ராஜ வீதியில் இனி ஒரே டிப்போ, ஒரே மேனேஜர் என்று தந்தி வந்தது. ஆளைப் பொறுக்க ஒரு துரை வருவாராம்.

கார்ஸ்டன் மேனேஜர் செபமாலைக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது பத்தே வார்த்தை. ஆனால் என்னிடம் வெள்ளாற்று மணல் இருந்தது. ரயிலில் வந்திறங்கும் ஒவ்வொரு டின்னையும் ஒரு பகல் முழுக்க மணலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் விற்பேன். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மணலில் கறை காட்டிவிடும். என் டின் ஒழுகியதாகக் கட்டுமாவடிக் கடல்மீன்கூடச் சொன்னதில்லை.

"என்ன வீரய்யா, டின்னுகளுக்குச் சிரசாசனமா?" என்பார் செபமாலை தினமும்.

"ஆமாங்க. ஒங்க டின்னுக்குத்தான் சளி பிடிச்சு மூக்கு ஒழுகுதாம், அனுப்பி வைங்க!"

துரை வந்தார். பனைமர உயரம். முந்நூறு டின்கள் தலைகீழாக நிற்பதைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பில் நார்த்தாமலையே ஒரு விரற்கடை நகர்ந்தது. 'என்ன இது?' என்று கையால் கேட்டார். நான் விளக்க வேண்டும். மொழிபெயர்க்க அங்கே இருந்த ஒரே ஆள் செபமாலை! 'இவன் பைத்தியம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை அவருக்கு.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். செபமாலை செருமிக்கொண்டு இங்கிலீஷில் பேசினார், பேசினார், ஒரு யுகம் பேசினார். துரை சட்டென்று மண்டியிட்டு, ஒரு டின்னைத் தூக்கி மணலை முகர்ந்தார்! பொட்டுக் கறை இல்லை. பிறகு செபமாலையின் டின்களில் பத்தைக் கவிழ்க்கச் சொன்னார். சாயங்காலம் நான்கின் அடியில் கறை. துரை என் கையைக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை இன்னும் ஆடுகிறது.

செபமாலை குடையை எடுத்தார். "உள்ளதத்தான் சொன்னேன் வீரய்யா. நல்லாருங்க, போயிட்டு வாரேன்."

"நில்லுங்க. நீங்க இல்லாம கம்பெனிக்குக் கடுதாசி யாரு எழுதுறது? ஒங்களையும் வச்சுக்கிறச் சொல்லி துரைகிட்டச் சொல்லுங்க."

"என்னயப் பத்தி நானே எப்படிச் சொல்றது? போங்கய்யா!"

வேறு வழி? வீதி அதிரக் கத்தினேன்: "டூ கம்பெனி ஒன் கம்பெனி, சார்! டூ மேனேஜர் ஒன் டிப்போ!"

லண்டன்காரர்கள் இரண்டு வருஷம் பேசியதை நான் ஒன்பது வார்த்தையில் முடித்தேன். துரை தலையாட்டியதும், மிச்சமிருந்த பத்தாவதையும் செலவழித்தேன்:

"தேங்க்யூ!"