இரவல் துக்கம்

"அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னை அழ வச்சுட்டாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினாள், மருந்துக்கடையில் பில் போடுகிற பெண். இருமல் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்த மருந்தாளர், "என்னையும்தான், கட்டின நாள்லேருந்து" என்று சிரித்தபடி வாங்கிப் பார்த்தாள்.

கைப்பேசி பழுது பார்ப்பது அவள் கணவனின் தொழில். விண்வெளிப் படங்களையும் தொடர்களையும் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசி இணையத்தில் போடுவது அவன் உயிர். காற்றே இல்லாத இடத்தில் குண்டு எப்படிச் சத்தம் போடும், வேற்றுக்கிரகத்தான் எல்லாம் ஏன் நம்மைப் போலவே மூக்கும் முழியுமாக இருக்கிறான் என்றெல்லாம் கேட்பான். அதில் பாதி, சோபாவின் மறுமுனையில் துணி மடித்தபடி அவள் சொன்னது. "காலத்துல பின்னாடி போறவன் எவனும் விட்டுப்போன வேலையைச் செய்யப் போறதில்ல, ராஜாவாகத்தான் போறான்" என்று அவள் சொன்னது மறுநாளே அவன் வாயில் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். குடும்பத்துக்குள் பேச்சுக்குப் பாகப்பிரிவினையா நடத்த முடியும்?

இது வேறு. போன வாரம் இருவரும் ஒரு தொடர் பார்த்தார்கள். பூமியிலிருந்து கிளம்பும் சேதி, வெகுதூரம் போய்விட்ட கப்பலுக்குப் பல வருடம் கழித்துக் கிடைக்கிறது. அதைப் பார்த்துத்தான், யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள். அம்மா அனுப்பிய குரல் செய்தியை, வேலை மும்முரத்தில் அப்புறம் கேட்கலாம் என்று விட்டது. கேட்டபோது அம்மாவை எடுத்தாகிவிட்டது.

திரையில் அவன் தொண்டை கம்மச் சொல்லிக்கொண்டிருந்தான்: "எங்கம்மா செத்தப்புறம்தான் அவங்க குரலைத் திறந்தேன். 'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்'னாங்க."

அம்மா சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, அடுத்த பேச்சைப் படம்பிடிக்க வட்ட விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தான் அவன்.

"உங்கம்மா எப்ப செத்தாங்க?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "அது... பேச்சுக்கு ஒரு உயிர் வேணும்ல. உன் பேரைச் சொல்லியிருந்தா நீதான் கோபப்படுவே."

"அதனால உங்கம்மாவைக் கொன்னுட்டீங்க."

"எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? ஒரு வகையில உங்கம்மாவுக்கு அது மரியாதைதான்."

அதற்குள் அவன் கைப்பேசி அடித்தது. அவன் தாய். துண்டிக்கப் போனவனின் கையிலிருந்து பிடுங்கி, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏன்டா, எதிர்வீட்டுக்காரி வந்து நல்லா உக்காந்து அழுதுட்டா. கதவைத் திறந்ததே நான்தான். நான் எப்படா போய்ச் சேர்ந்தேன்?"

அவன் சுவரைப் பார்த்தான். மறுமுனையில் மாமியாரின் குரல் இறங்கிக் கேட்டது. "அம்மாடி, அது உங்கம்மா கதைதானே?"

"ஆமா அத்தை."

"எங்கிட்டகூட நீ சொல்லலையேம்மா."

"இவர்கிட்ட சொன்னதே தப்பாப் போச்சு அத்தை. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். அவன் இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்தான். உண்மையாகவே அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு நொடி, பாவமாகக்கூட இருந்தது.

"தப்புதான். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன், இப்பவே. நீயும் பக்கத்துல வந்து உக்காரு. உங்கம்மாவைப் பத்தி நீயே உன் வாயால சொல்லு. அது இதைவிட நல்லா..." சொல்லவந்ததை விழுங்கினான்.

"இதைவிட நல்லா ஓடும். அதானே?"

அவன் நாற்காலியை இன்னொரு ஆளுக்கு இடம் வரும்படி நகர்த்தினான்.

"நீ மனுஷனே இல்ல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீ' என்று சொன்னது அதுவே முதல்முறை. சொன்னது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. அவள் குனிந்து, விளக்கின் செருகியைச் சுவரிலிருந்து உருவினாள்.

திரைச்சீலை மூடிய அந்த அரை இருட்டில், அவன் இன்னும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.